ஐந்தாவது செட்டில் அப்பா எங்கே போனார்?

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களும் நண்பர்களும் முதல் பக்கத்தில் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பையில் பேனாவோடு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அப்பா ஒருநாளும் பேனா வைத்துக்கொண்டதில்லை. அது ஸ்டூடியோக்காரருடைய பேனா.

"நல்லதா நாலு வார்த்த எழுதும்மா, அது போதும்" என்று அண்ணன் சொன்னார். எழுதுவது சுலபம்தான். அப்பா யாரையும் அதட்டிப் பேசாதவர், வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவர், வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதவர். மூன்றும் உண்மை. ஆனால் இந்த மலரை வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்பா என்றதும் இவை நினைவுக்கு வராது. கோப்பைப் பந்தயத்தின் நடுவில் மைதானத்தை விட்டு ஓடிப்போனவர் என்பதுதான் வரும். அதைத் தொடாமல் எழுதினால் நீங்களும் மனதுக்குள் சிரிப்பீர்கள், எனக்கும் தூக்கம் வராது. அதனால் தொடுகிறேன். அண்ணன் மன்னிக்கட்டும்.

அப்பா பிறந்தது நல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பாவுக்குப் பதினேழு வயது இருக்கும்போது தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். ஆறு வயதுத் தம்பி ஒருவர் மிச்சம். அவர்தான் எங்கள் சித்தப்பா. அந்த வயதில் அப்பா அடுப்பு மூட்டி, சோறு வடித்து, தம்பிக்குத் தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறார். "அண்ணன் ஒன்னு வெப்பாரு பாரு, அதுக்குப் பேரு சாம்பாருன்னு அவரே சொன்னாத்தான் தெரியும்" என்று சித்தப்பா இன்றைக்கும் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பள்ளியில் அப்பாவுக்குப் படிப்பு வந்ததோ இல்லையோ, வாலிபால் வந்தது. அதிலும் செட்டர் வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செட்டர் எதிர்ப்பக்கம் பந்தை ஓங்கி அடிப்பவர் இல்லை. அடிக்கிறவருக்கு வாகாக, வலையை ஒட்டி, விரல் நுனியால் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவர். கைதட்டு முழுக்க அடித்தவருக்குப் போய்விடும். தவறிப்போனால் மட்டும் எல்லோரும் செட்டரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த விரல்களுக்காகத்தான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் பேட்டையிலிருந்த பட்டறை முதலாளிகள் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். ஆறு பேரையும் ஆட்டத்துக்காகவே தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தார்கள். காலையில் அச்சில் மண்கூழ் ஊற்றுவதோ மின்சார ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகளுக்குத் தேய்ப்பு வேலையோ, மதியத்துக்கு மேல் பயிற்சி. திருச்சி, சேலம் என்று பந்தயங்களுக்கு வேன் வைத்துப் போவார்கள். கேப்டன் மங்கலம்பேட்டை ரஹீம் மாமா. அப்பா தூக்கிக் கொடுப்பார், ரஹீம் மாமா எகிறி அடிப்பார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள்.

அந்த மைதானத்தைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பட்டறைகளில் மிஞ்சும் வெள்ளை மண்தூளைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கிய தரை. ஆடி முடித்தால் முழங்கால் வரை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. வெளியூர்க்காரர்கள் முதல் செட்டிலேயே இரண்டு தடவை வழுக்கி விழுவார்கள். பார்வையாளர்களுக்கு இருக்கை, விரிசல் விட்டுக் கழித்துப் போட்ட கக்கூஸ் பீங்கான்கள். கவிழ்த்து மூன்று வரிசையாகப் பதித்திருந்தார்கள். ஊரில் பெரிய மனிதர்கள்கூட அதில்தான் வேட்டியை மடித்து உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் இரண்டாவது வரிசையில் நிரந்தர இடம் இருந்தது. பள்ளியில் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத பிள்ளை கிடையாது.

மைதானத்தை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் பேட்டையின் பொதுச் சூளை. ரயில் சுரங்கம்போல நீளமானது. இன்னும் சுடாத பச்சைப் பீங்கான் அடுக்கிய தள்ளுவண்டிகள் தண்டவாளத்தில் ஒரு முனையில் நுழைந்து, வெந்து, மறுமுனையில் வெளியே வரும். தீ அணைவதே கிடையாது. மணிக்கு ஒரு வண்டி உள்ளே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு முன்னால், மறுமுனையில் நிற்கிறவர்கள் விலகிக்கொள்ள மணி அடிக்க வேண்டும். மணி என்றால் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. சித்தப்பா வளர்ந்ததும் அப்பா முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தது அந்த வண்டி தள்ளும் வேலையைத்தான்.

ஒரு கத்திரி வெயிலில் அந்த மணி அடிக்கவில்லை. அப்பா கூழ் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். சூளைவாயில் சித்தப்பா மயங்கிக் கிடந்தார். இடது கை சூடான இரும்பில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது அப்பா காதைப் பொத்திக்கொண்டாராம். அதற்குப் பிறகு மணிக்கு ஒருமுறை, சத்தம் எட்டும் தூரத்தில் எங்கே இருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், அந்தச் சத்தம் கேட்கும்வரை அப்பா ஒரு நொடி நிறுத்துவார். கேட்டதும் பேச்சைத் தொடருவார். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

இனி அந்தப் பந்தயம்.

மண்டலக் கோப்பையின் இறுதி ஆட்டம், எங்கள் மைதானத்திலேயே. ஜெயித்தால் ஆறு பேரையும் வேலையில் நிரந்தரமாக்குவதாக முதலாளிகள் ஊரறியச் சொல்லியிருந்தார்கள். அதுவரை எல்லோரும் தினக்கூலி. ரஹீம் மாமாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பாவுக்கு நானும் அண்ணனும் பள்ளியில். கோப்பை யாருக்கு வேண்டும்? நிரந்தரம்தான் வேண்டும். அன்று காலை அம்மா அப்பாவின் பனியனைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது காயும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு, மூன்றாவது அவர்களுக்கு, நான்காவது எங்களுக்கு. சுவர்மேல் ஆள், மரத்தில் ஆள், வேன் கூரையில் ஆள். ஐந்தாவது செட் பதினைந்து புள்ளிக்கு. ஏழு ஏழு, பத்துப் பத்து, பன்னிரண்டு பன்னிரண்டு என்று இரண்டு பக்கமும் கூடவே வந்தன. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பதின்மூன்று பதின்மூன்று. பந்தை எடுக்க அப்பா ஸ்கோர் மேசைப் பக்கம் போனார். மேசைமேல் ஒரு கடிகாரம் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அப்படியே நின்றார். சுவர்ப் பக்கம் திரும்பினார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பந்து அவர் கையிலிருந்து விழுந்தது. நடுவரிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு ஓடினார். மைதானத்தைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டார்.

"செட்டரு எங்கடா போறான்!" என்று ரஹீம் மாமா கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரரை இறக்கினார்கள். அன்றுவரை பந்தயத்தில் இறங்காதவர். முதல் பந்திலேயே விரலில் இரண்டு தடவை பட்டுத் தப்பாட்டமாகி, நடுவர் விசில் ஊதினார். அடுத்த பந்தை அவர் தூக்கிக் கொடுத்த உயரத்துக்கு ரஹீம் மாமாவால் எகிற முடியவில்லை. பந்து வலையில் மோதிக் கீழே விழுந்தது. அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்பா திரும்பி வந்தபோது மைதானத்தில் வெளியூர்க்காரர்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ரஹீம் மாமா அப்பாவின் பனியனைப் பிடித்து இழுத்து, "எங்கடா போன?" என்று கேட்டார்.

"வயித்த வலிச்சுது" என்றார் அப்பா.

பத்து வயதில் எனக்கே அது பொய் என்று தெரிந்தது. ரஹீம் மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் பனியனை விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரமே டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. எதிரணியிடம் கை நீட்டிவிட்டாராம். எவ்வளவு என்பதுகூட ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். நிரந்தரம் யாருக்கும் கிடைக்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் முதலாளிகளுக்கு அணிமேல் இருந்த ஆசையும் போய், மைதானத்தில் குடோன் வந்தது. ரஹீம் மாமா கல்யாணமான மூன்றாம் மாதம் வளைகுடாவுக்குப் போனார், இருபது வருடம் அங்கே இருந்தார். மற்ற நான்கு பேரும் நான்கு திசை. அப்பா மட்டும் அதே பேட்டையில், அதே தினக்கூலியில், அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே இருந்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு வீட்டார், "பந்தயத்த வித்தவரு பொண்ணாமே" என்று கேட்டு அனுப்பினார்கள். அன்று நான் அப்பாவிடம் சண்டை போட்டேன். உண்மையைச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அப்பா சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அப்பாமேல் எனக்கிருந்த கோபம் வெகுநாள் போகவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி இரண்டு வருடம் அப்பாவுக்கு மூச்சு முட்டல். கடலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்கதான அந்தச் செட்டரு?" என்று சிரித்தார். சித்தப்பா சட்டென்று எழுந்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா ஊசி குத்தியிருந்த கையாலேயே சித்தப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினார். சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். நான்கு நாள் கழித்து அப்பா போய்விட்டார்.

அடக்கத்தன்று தெருமுனையில் ரஹீம் மாமா கையில் மாலையோடு நிற்பதைப் பார்த்தேன். உள்ளே வரவில்லை. மாலையை யாரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, சித்தப்பா எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நாலு மணிக்கு மணி அடிச்சேன். ரெண்டாவது செட்டு நடக்குது. அந்தச் சத்தத்துல அண்ணன் கை தடுமாறி பந்து போயிடுச்சு. எனக்கு மனசு கேக்கல. அஞ்சு மணிக்கு அடிக்கிற முன்ன தண்டவாளத்துல சாக்க சுத்திட்டேன். அந்தக் கோடிக்கு நானே நடந்து போயி ஆளுங்கள வெலகச் சொல்லிட்டு வந்துதான் வண்டிய தள்ளுனேன். வேலையில கொற வெக்கல. சத்தம்தான் வரல. அண்ணன் ஓடியாந்து நிக்கிறாரு. மூச்சு வாங்குது. என்ன தலையிலருந்து காலு வரைக்கும் தடவிப் பாக்குறாரு. 'ஏண்ணே, மேட்ச்சு முடிஞ்சுதா?'ன்னு கேக்குறேன். அப்பதான் செவுத்துக்கு அந்தப் பக்கம் கூச்சல். எங்க ஆளுங்க கூச்சல் இல்ல அது. அண்ணன் சாக்க பாத்தாரு. அவுத்து, மடிச்சு, கரிக் குமியலுக்கு அடியில சொருவிட்டு, 'யாரு கேட்டாலும் நீ வாயத் தொறக்காத'ன்னாரு. மணிய கட்டுனது தெரிஞ்சா வேலையும் போயிருக்கும், அன்னிக்கு இருந்த கூட்டத்துல என் உயிரும் போயிருக்கும்."

தம்பி மறுபடியும் விழுந்துகிடக்கிறான் என்று நினைத்து ஓடியவர், தம்பி நன்றாக நிற்பதைப் பார்த்த அதே நிமிடத்தில் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்.

அம்மா முதலில் அழவில்லை. கோபம்தான் வந்தது. "முப்பது வருசம் ஒரே வூட்ல இருந்துக்கினு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றார். அண்ணன், அப்பா மறைத்ததை நாம் திறக்கக் கூடாது என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒரு வருடம் இதையே பேசினோம். கடைசியில் சித்தப்பாதான், "அச்சடிம்மா. நான் இருக்கறப்பவே அச்சடி. செத்த பொறவு போட்டா பயந்தாங்கொள்ளின்னுதான் அர்த்தம்" என்று முடித்தார்.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அப்பாவை "பெரியப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், கேட்காமலே தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், சேத்தியாத்தோப்பிலிருந்து பதினாறு நாளும் சோறு கொண்டுவந்த அம்மாவின் பிறந்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அப்பாவைத் தவறாக நினைத்தவர்கள்மேலும் வருத்தமில்லை. நானே நினைத்தவள்தான்.

இதுவரை எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருவரிடம் படித்துக்காட்ட வேண்டும் என்று தோன்றியது. சென்ற வாரம் மங்கலம்பேட்டைக்குப் போனேன். ரஹீம் மாமாவுக்கு இப்போது கண்பார்வை குறைவு. நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தேன். இவர் எழுந்து போய் சித்தப்பாவை என்ன செய்வாரோ என்ற பயம் எனக்கு.

படித்து முடித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "உங்கப்பன் எங்கள அவ்ளோ கெட்டவனுங்கன்னு நெனச்சுட்டானா?" என்றார். "அஞ்சு பேரு கூட ஆடுனோம். ஒரு சின்னப் பையன் தெரியாம பண்ணதுக்கு அவன கொன்னுருப்போமா? அன்னிக்குச் சொல்லியிருந்தா ரெண்டு நாளு திட்டியிருப்பேன். மூணாம் நாளு வந்து டீ குடிச்சிருப்பேன். முப்பது வருசத்த தின்னுட்டானே!"

அப்பாவின் மௌனத்தைப் பெருந்தன்மை என்று மட்டுமே நினைத்திருந்தேன். கூட ஆடியவர்களை அவர் நம்பவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு ரஹீம் மாமா, "அந்த மணி எடத்த திருப்பிப் படி" என்றார். படித்தேன். நாலு மணி, இரண்டாவது செட், அப்பாவின் கை தடுமாறியது. "இன்னொரு வாட்டி" என்றார். படித்தேன். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. நான் தாள்களை மடிக்க ஆரம்பித்தேன்.

"நான்தாம்மா கத்துனேன்" என்றார். "அந்தப் பாயிண்ட்டு போன ஆத்தரத்துல செவுத்துகிட்ட போயி, 'டேய், அடுத்த வாட்டி அந்த மணி சத்தம் கேட்டுது, வந்து தோல உரிச்சுருவேன்'னு கத்துனேன். கத்துனது அன்னிக்கே மறந்துபோச்சு. இப்பதான் ஞாபகம் வருது."

சித்தப்பா இதை எங்களிடம் சொல்லவில்லை. அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். ரஹீம் மாமா போனை வாங்கி, "நான் சொன்னேன்னு ஏண்டா யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் சித்தப்பாவின் குரல் நிதானமாக வந்தது.

"நீங்க ஆட்ட மும்மரத்துல சொன்னீங்க அண்ணே. சாக்க சுத்துனது என் கையிதான?"

ரஹீம் மாமா போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வயதானவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "மாமா, இந்த விஷயத்த நான் எழுதல. முன்ன படிச்சதோட நிறுத்திக்கிறேன்" என்றேன். முப்பது வருடத்துக்கு முன்னால் கத்திய கத்தலுக்கு இவரை எதற்கு அச்சில் ஏற்ற வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"எழுது. கேப்டன்னு பொதுவா போட்டு மழுப்பாத. என் பேரப் போட்டு எழுது. உங்கப்பன் பேரு எந்தெந்த வூட்ல கெட்டுப்போச்சோ, அந்தந்த வூட்டுக்கெல்லாம் இந்தப் பொஸ்தகம் போவணும். நான் உசுரோட இருக்கறப்பவே போவணும்."

எழுதிவிட்டேன், மாமா.